பாதி சிவன், பாதி குணசேகரன்

பேரைக் கேட்டதுமே ஆச்சி சரி என்று சொல்லிவிட்டாள்.

"பராசக்தியா? சாமிப் படம்லா. போவோம்."

மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டின் கறுப்பு சிவப்புக் கரையை நீவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என்ன விஷயமென்று தெரியாமலேயே நானும் அந்தக் களவுக்குக் கூட்டாளியாகிவிட்டேன்.

1974, எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா அன்று மத்தியானம். எனக்குப் பத்து வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை தறிச் சத்தம் ஓயாது. பாடம் படித்ததும் தூங்கியதும் எல்லாம் அந்தத் தாளத்துக்குள்தான். தபசு அன்று மட்டும் தறி ஓடாது. காலையில் கண் விழித்ததும் காதுக்குள் ஒரு வெறுமை இருக்கும். ஓஹோ, இன்றைக்குத் தவசு என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

ஆச்சி கொடியேற்றத்தன்றே கிழக்கே கரிசல்காட்டு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் சொந்தக் காட்டில் விளைந்த வத்தலும், ஒரு பிடி பருத்தியும், கொஞ்சம் கம்பும் இருக்கும். அது வீட்டுச் சமையலுக்கில்லை. கோமதி அம்மாள் தவசு நிற்கிற அன்றைக்கு அவள் மேல் வீச. பன்னிரண்டு நாளும் கோயிலே கதியென்று கிடப்பாள். ஆடிச்சுற்று சுற்றுவாள். 101 சுற்று, உடம்பில் தெம்பிருந்த வருஷங்களில் 1001. கணக்குத் தவறாமலிருக்க மடியில் புளியங்கொட்டை. "அவ ஒத்தக் கால்ல நிக்கால்லா, கால் வலிக்கும். நாம சுத்தினா அந்த வலியில கொஞ்சம் நமக்கு வந்துரும்" என்பாள். சுற்றி முடித்து வந்து திண்ணையில் கால் நீட்டி உட்காரும்போது, அவள் முகத்தைப் பார்த்தால் வலி நிஜமாகவே கைமாறி வந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

அன்றைக்கு அம்மாள் சப்பரத்தில் கிளம்பி தெற்கு ரத வீதி தபசு மண்டபத்துக்குப் போய்விட்டாள். இனி சுவாமி ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணராக எதிரே வந்து காட்சி கொடுக்கச் சாயங்காலமாகும். நடுவில் இருப்பது ஒரு நீண்ட மத்தியானம். ரத வீதிகளில் கால் வைக்க இடமில்லை. வெயில் ஒரு பக்கம், வெளியூர்க்காரர்களின் மூட்டை முடிச்சு ஒரு பக்கம். கொட்டகைக்காரர்களுக்கு இது தெரியும். தபசு அன்று மேட்னியை முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவார்கள். பழைய படம் போட்டாலும் நிறைந்துவிடும். சாமி கும்பிட வந்தவர்களுக்கு, 'பராசக்தி' என்று எழுதிய போஸ்டரைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

கொட்டகையில் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்பதற்கு அடையாளம், சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. உச்சியில் கட்டிய குழாயிலிருந்து அது கிளம்பியதும் தெருவே ஓடும். நாத்திகம் பேசும் படம் என்றாலும் பிள்ளையார்தான் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த விசித்திரம் அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. வாசலில் மாமாகூட அந்தப் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டுதான் நின்றார்.

உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். பொடிப் பயல்கள் எந்தப் பக்கமும் போகலாம். நான் ஆச்சியோடு பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தேன். மாமா சுவருக்கு அந்தப் பக்கம், பெஞ்சில். என் நெற்றியில் ஆச்சி பூசிவிட்ட கோயில் புற்றுமண் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. அவள் மடியில் வத்தல் பை. விளக்கை அணைத்ததும் இருட்டில் அந்தக் காரநெடி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் யாரோ தும்மினார்கள்.

பலமுறை ஓடித் தேய்ந்த பிரிண்ட். திரையில் மழை பெய்தது. பர்மாவிலிருந்து வந்திறங்கிய குணசேகரன், அந்த மழைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, நம்ம சிவபெருமான்லா!"

அவளுக்குச் சிவாஜி கணேசனை ஒரே ஒரு படத்தில்தான் தெரியும். 1965-இல் வந்த ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. ஊரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த படம். ஜடாமுடியும் புலித்தோலுமாக அங்கே நின்ற அதே முகம். ஆகவே அன்றைக்கு அவள் பார்த்தது முழுக்க முழுக்க இன்னொரு திருவிளையாடல்தான். சிவபெருமான் ஏழையாக வருகிறார், ஏமாறுகிறார், பைத்தியம்போல நடிக்கிறார், பிச்சைக்காரனாக அலைகிறார். பிட்டுக்கு மண் சுமந்தவர் இதையெல்லாம் செய்யமாட்டாரா?

மாமா பார்த்த படம் வேறு. பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம், மு. கருணாநிதியின் வசனத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று படமாக வந்தது. வசனம் எழுதியவருக்கு அப்போது வயது 28. சிவாஜிக்கும் எஸ்.எஸ். ராஜேந்திரனுக்கும் அதுதான் முதல் படம். தடை செய்ய வேண்டுமென்று குரல்கள் எழுந்தன. 'தினமணி கதிர்' 'பரபிரம்மம்' என்று தலைப்புப் போட்டுக் கிண்டலடித்தது. படம் அதையெல்லாம் தாண்டி ஓடியது. மாமாவுக்கு வசனம் முழுக்க மனப்பாடம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சிவாஜிக்கு அரை விநாடி முந்தி அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "எழுதின ஆளு இன்னைக்குக் கோட்டையில முதலமைச்சர்" என்று பக்கத்து ஆளிடம் இடைவேளைக்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார். நடித்தவர் எங்கே என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டபோதுதான் கொஞ்சம் சுருதி இறங்கியது. திருப்பதிக்குப் போய்வந்தார் என்று தி.மு. கழகத்துக்காரர்கள் கேலி செய்ததில் சிவாஜி ஐம்பதுகளிலேயே விலகிவிட்டார். 1974-இல் அவர் காமராஜர் பக்கம்.

மாமாவின் தலைமுறைக்கு அரசியல் வந்து சேர்ந்த பாதை மேடை நாடகம்தான். சத்ரபதிக்கு முடிசூட்ட மதத்தின் பேரால் எழுந்த தடையை வைத்து அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாற்பதுகளில் மேடையேறியபோது, அதில் நடித்த வி.சி. கணேசனைத்தான் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். மதத்தைப் பற்றிய ஒரு அரசியல் நாடகம் கொடுத்த பேரோடுதான் அவர் பிற்பாடு சிவபெருமானாகவும் நின்றார். எம்.ஆர். ராதா ராமாயணத்தைத் தன் பாணியில் மேடையேற்றி அரசாங்கத்தைத் திணறடித்தார். 1954-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தவென்றே சென்னை மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். ராதா நாடகத்தை எங்கோ வெளியூரில் பார்த்ததாகவும், போலீஸ் வந்ததும் பின்வழியாகத் தப்பி ஓடியதாகவும் மாமா சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் ஓடிய தூரம் கூடிக்கொண்டே போகும்.

குணசேகரனின் தங்கை கல்யாணியிடம் பூசாரி தப்பாக நடந்துகொள்ள வந்த இடத்தில் பெண்கள் பக்கம் மாறிப்போயிற்று. அதுவரை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும், முறுக்கு கடித்துக்கொண்டும், வெற்றிலை இடித்துக்கொண்டும் இருந்தவர்கள் ஒரே குரலாகிவிட்டார்கள். "கட்டையில போவான்!" "உருப்படுவானா இவன்!" என் பக்கத்திலிருந்த பெண் மணலை அள்ளித் திரையைப் பார்த்து வீசிவிட்டாள். ஆச்சி வைதது எழுத்தில் வராது. அன்றைக்கு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் காலையில் கோயிலுக்குப் போய்வந்தவர்கள். நெற்றி நிறையக் குங்குமமும் திருநீறும் இருந்தன. ஒருத்திக்கும் அந்தக் காட்சி சாமிக்கு எதிராகத் தோன்றவில்லை. பூசாரி வேறு, அம்மாள் வேறு. அந்தக் கணக்கை யாரும் வந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த இடம் வந்தது. சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குணசேகரன் அம்மன் குரலாகப் பேசுகிறான். பூசாரி அரண்டு போகிறான். அம்பாள் எந்தக் காலத்திலும் பேசியதில்லை, கல் பேசாது என்று குணசேகரன் அடித்துச் சொல்கிறான். ஆண்கள் பக்கம் விசில் கூரையைப் பிய்த்தது. மாமா பெஞ்சு மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலே தலையை நீட்டி ஆச்சியைத்தான் பார்த்தார். படம் ஆரம்பித்ததிலிருந்து இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. பெற்ற தாயைத் தந்திரமாகக் கூட்டிவந்து உட்காரவைத்து, கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்க வைத்துவிட்டார்.

ஆச்சி அசரவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அவ பேசமாட்டாங்கது எனக்குத் தெரியாதாக்கும்? அவ பேசாம இருக்கதுனாலதான நான் பேசுதேன்."

படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். நடுவில் இரண்டு தடவை ரீல் அறுந்தது. நீதிமன்றக் காட்சி ஆரம்பித்தபோது வெளியே ரத வீதிப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள். எனக்குப் பதற்றம். சுவாமி வந்துவிட்டால்? காட்சி முடிந்துவிட்டால்? "ஆச்சி, போவோம். அம்மா நிக்காள்லா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். திரையில் குணசேகரன் கூண்டில் நின்று பேசிக்கொண்டிருந்தான். தன் சண்டை கோயிலோடு இல்லை, கோயிலுக்குள் பதுங்கிக்கொண்ட கொடுமையோடு என்கிறான். ஆச்சி கையை விடுவித்துக்கொண்டாள்.

"இரில. அந்தப் பிள்ளை பேசி முடிக்கட்டும். அவ காத்திருப்பா. தவசுன்னா காத்துக்கிட்டு இருக்கதுதான?"

பேசி முடித்த பிறகுதான் எழுந்தாள்.

தெற்கு ரத வீதியின் கூட்டத்துக்குள் மாமா எங்களை இழுத்துக்கொண்டு நுழைந்தார். முன்னால் போக வழியில்லை. மண்டபத்துக்கு முன்னே சப்பரம் தலைகளுக்கு மேல் மிதப்பது மட்டும் தெரிந்தது. நாலா பக்கமிருந்தும் பருத்தியும் வத்தலும் நெல்லும் பறந்துகொண்டிருந்தன. சூறை விடுவது என்பார்கள். காட்டில் முதலில் விளைந்ததை அம்மாளுக்கு எறிந்துவிட்டால், அடுத்த வருஷத்து மழைக்கு அவள் பொறுப்பு. ஆச்சி பைக்குள் கைவிட்டு வீசிப் பார்த்தாள். 1001 சுற்றின் களைப்போ என்னவோ, வத்தல் முன்னால் நின்ற ஆளின் முதுகோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. பையை மாமாவிடம் நீட்டினாள்.

"சங்கரா, நீ எறி."

மாமாவுக்கு வீட்டில் வைத்த பேர் சங்கரநாராயணன். கழகத்தில் சேர்ந்ததும் நல்ல தமிழில் ஒரு பேர் வைத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்தப் பேர்தான். ஆச்சி மட்டும் பழைய பேரின் முன்பாதியை விடவில்லை. கட்சிக்காரர்கள் நாலு பேர் அக்கம்பக்கத்தில் நின்றிருக்கலாம். மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "எங்க விழுதுன்னு பாத்துச் சொல்லுல" என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பெஞ்சு மேல் ஏறி விசில் அடித்த மனுஷர், கைகொள்ளாமல் வத்தலை அள்ளி, கவண்கல் எறிகிற மாதிரி எறிந்தார். சப்பரத்தின் மேல் விழுந்தது. "விழுந்துட்டு மாமா" என்று கத்தினேன். அடுத்த பிடி. பருத்தி கொஞ்சம் காற்றில் நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. பை காலியாகும்வரை எறிந்தார். வத்தல் பட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலில் கண்ணீர் வடிய நின்றார். நான் தோளிலிருந்து பார்த்தபோது அவர் அழுகிற மாதிரியே இருந்தது.

ரிஷப வாகனத்தில் சுவாமி வந்தார். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டே என்னிடம் குனிந்து சொன்னாள்: "பாத்தியா, மத்தியானம் படத்துல வந்தவரு. இப்போ வேசத்த மாத்திட்டு வந்துட்டாரு."

அப்போது எல்லாரும் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் அவள் சொன்னதில் கேலி ஒன்றுமில்லை. எங்கள் ஊரே ஒரு வழக்கின் மேல் எழுந்த ஊர். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவனே பெரியவர் என்கிறான், மற்றவன் திருமாலே பெரியவர் என்கிறான். வழக்கு அம்மாளிடம் வருகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துத் தீர்ப்புச் சொல்ல அவளால் முடியாதா? சொல்லவில்லை. புன்னைவனத்தில் ஒற்றைக் காலில் நின்று, இருவரையும் ஒரே உடம்பில் காட்டு என்று காத்திருக்கிறாள். ஆடி உத்திராடத்தில் அந்த உருவம் வருகிறது. கோயிலில் சங்கரலிங்கத்துக்கும் கோமதிக்கும் நடுவில் சங்கரநாராயணர் சந்நிதி. அங்கே திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. வழக்கில் ஜெயித்தவனும் கிடையாது, தோற்றவனும் கிடையாது. வருஷா வருஷம் ரத வீதியில் பல்லாயிரம் பேர் பார்க்க நடந்துகொண்டிருக்கிற, மதத்தைப் பற்றிய எங்கள் நாடகம் அதுதான். அதைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, ஒரே நடிகனின் உடம்பில் பாதி சிவனும் பாதி குணசேகரனும் இருப்பது எப்படிப் புதிதாகத் தெரியும்?

அந்தக் கண்கள்தான் பிற்பாடு காணாமல் போயின. 1981 பிப்ரவரியில், செங்கோட்டைப் பக்கம் மீனாட்சிபுரத்தில், சாதிக்கொடுமை தாங்காத நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்துக்கு மாறினார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரைப்பொழுதில் போய்வரலாம். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் வந்தன. அவர்கள் ஏன் மாறினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. டீக்கடையில் புதிதாக ஒரு கேள்வி புழங்க ஆரம்பித்தது: நீ எந்தப் பக்கம்? 1995 மார்ச்சில் 'பம்பாய்' வந்தபோது நான் வேலையில் சேர்ந்திருந்தேன். நாயகன் நெல்லைச் சீமைக்காரன், காதலித்துக் கட்டியவள் முஸ்லிம் பெண். இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு தாத்தாக்களின் பேரையும் பங்குபோட்டுக் கபீர் நாராயண், கமால் பஷீர் என்று வைத்திருப்பார்கள். சங்கரநாராயணன்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர்க்காரனுக்கு அந்தப் பேர்களின் ருசி தெரியும். ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்த்த தியேட்டரில் யாரும் மணலை வாரி வீசவில்லை, விசிலும் இல்லை. கைதட்டுவதற்கு முன்னால் பக்கத்து இருக்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மணிரத்னம் வீட்டில் குண்டு வீசினார்கள்.

கொட்டகை இப்போது இல்லை. சுவரும் மணலும் குழாயும் போய், அந்த இடத்தில் வேறு கட்டடம். ஊரும் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2019 முதல் தென்காசி மாவட்டம். ஆச்சி எண்பதுகளில் ஒரு தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷத்துத் தபசுக்கு மாமா ஊரிலிருந்து மஞ்சப்பையோடு வந்தார். கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "போய் எறிஞ்சிட்டு வால" என்றார். அவர் வரவில்லை, தெருமுனையில் நின்றுகொண்டார். நெற்றியில் கடைசிவரை ஒன்றும் பூசியதில்லை. பை வருவதும் நிற்கவில்லை.

அவர் போவதற்கு முந்தின வருஷம் பார்க்கப் போயிருந்தேன். கண் சரியாகத் தெரியாது, காது கேட்கும். டிவியில் 'பராசக்தி' ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய வழக்கப்படி சிவாஜிக்கு அரை விநாடி முந்தி வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. சிலைக்குப் பின்னாலிருந்து குரல் வருகிற இடம் வந்தது. மாமா நிறுத்திவிட்டார். சிவாஜி மட்டும் தனியே பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்துல உங்க ஆச்சி என்னமோ சொன்னாள்லா. என்னல அது?"

சொன்னேன்.

"ம்" என்றார். அந்தக் காட்சி முடியும்வரை வேறெதுவும் பேசவில்லை.